அன்றைக்குக் கரண்டை நிறுத்தியது யார்?

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை. மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். ஊட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால், மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே என் வலது கை செய்த ஒரு காரியத்தையும், அதற்கப்புறம் என் வாய் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தையும்தான் எழுதப் போகிறேன்.

நான் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறேன். ஜெனரேட்டர், மோட்டார், பெல்ட், சுவிட்ச் போர்டு எல்லாம் என் பொறுப்பு. படிப்பு பத்தாவதோடு சரி. அப்பா காலத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். எனக்கு இப்போது வயது நாற்பத்தெட்டு. சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "நிறுத்துங்க" என்று சத்தம் கொடுக்க வராது. வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கிக்கொள்வேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வருவேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவன் ஒரு ராக் இசைக்குழுவோடு எப்படிச் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள்.

எங்கள் ஃபேக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றி வருகிற ஜீப்பை ஓட்டும் தம்பி ஒருநாள், சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியை எஞ்சின் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். கிடாருக்கு மாட்டுகிற ஆம்ப். "அண்ணே, செத்துப்போச்சு. கொஞ்சம் உயிர் குடுங்க" என்றான். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது. பத்து நிமிட வேலை. சரி செய்து கொடுத்ததும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து கேட்டுப் பாருங்கள் என்று கூப்பிட்டான்.

அவன் வீட்டார் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள். குழுவில் அவன்தான் ட்ரம்ஸ் அடிப்பான். அவன் தங்கை கோத்தகிரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண், அவள் பாடுவாள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒரு பையன் கிடார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேஸ் கிடார். நாலே பேர். எல்லாம் ஏசு பாட்டு, அவர்களே எழுதி, அவர்களே மெட்டுப் போட்டது. பின்னால் ஒரு சபையும் கிடையாது, ஒரு கம்பெனியும் கிடையாது.

ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு ஆரம்பித்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஃபேக்டரியில் ரோலர் மிஷின்கள் எல்லாம் சேர்ந்து ஓடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது பாட்டில் கையை எடுத்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் மிஷின் சத்தத்திலேயே இருந்தவன் நான். சத்தத்துக்குள் ஒரு ஒழுங்கு இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இவர்களிடம் அது இருந்தது.

அப்புறம் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தேன். எங்கள் மலையில் கரண்ட் நிலவரம் தெரியும்தானே? காற்று அடித்தால் மரம் கம்பி மேல் விழும், மழை வந்தால் வோல்டேஜ் விழும். இந்தக் குழுவின் சாமான்களோ கொஞ்சம் கூடக்குறைய வந்தாலும் புகைந்துவிடும். அதனால் எங்கே நிகழ்ச்சி என்றாலும் நான் முன்னாடியே போய் லைன் பார்த்து, போர்டு மாட்டி, நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பேன். "கரண்ட் அண்ணா" என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மைக் டெஸ்ட் பண்ணுவதும் என் வேலைதான். எல்லோரும் "ஹலோ, ஹலோ" என்பார்கள். எனக்கு அதுவும் வராது. நகத்தால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். "அண்ணா மைக்குக்கே ஊசி போட்டுப் பாக்கற டாக்டர் மாதிரி" என்று அந்தப் பெண் கேலி செய்வாள்.

ஆரம்பத்தில் அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். இத்தலார் கிராமத்தில் ஒரு தடவை நல்ல மழை. கேட்க வந்தவர்கள் பதினோரு பேர், இரண்டு நாய். அந்தப் பதினோரு பேருக்கும் ஆயிரம் பேருக்குப் பாடுகிற மாதிரி முழு நிகழ்ச்சியும் பாடினார்கள். குன்னூரில் ஒரு சர்ச்சில் பாதிப் பாட்டிலேயே ஒரு பெரியவர் எழுந்து, "இது ஜெப வீடா, சினிமாக் கொட்டாயா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் முகம் சிவந்து போனாலும், "சரிங்க ஐயா, சத்தத்தைக் குறைச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டை வெறும் கிடாரோடு பாடினாள். அந்தப் பெரியவரே கடைசியில் வந்து, இந்தப் பாட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

அது அவளே எழுதிய பாட்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மூடுபனியில் அண்ணன் முன்னால் போவானாம், இவளுக்கு ஒன்றும் தெரியாதாம், அவன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடப்பாளாம். அதை ஆண்டவருக்குச் சொல்வது போல எழுதியிருந்தாள்.

மூடுபனி மூடட்டும், முன்னால நீ நட,
உன் காலடிச் சத்தம் போதும், பின்னால நான் வாரேன்.

ஏசுநாதரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் காலையில் பனியில் வேலைக்கு நடந்து போகிற எவனுக்கும் இந்தப் பாட்டு புரியும். செல்போனில் பதிவு செய்து போட்டார்கள். எஸ்டேட் பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள் போலிருக்கிறது. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

அந்த நிலையில்தான் ஊட்டி நிகழ்ச்சி. அதுவரைக்கும் யாராவது கூப்பிட்டுத்தான் பாடப் போயிருக்கிறார்கள். இதுதான் முதல் தடவையாகத் தாங்களே மைதானம் கேட்டு, தாங்களே மேடை போட்டு, ஜனங்களை வரச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் குளிர் இறங்கிவிடும் என்பதால் மத்தியானமே வைத்திருந்தார்கள். "பதினோரு பேரு வந்தாக்கூட இத்தலார் கணக்குக்குச் சமம்ணே" என்று ட்ரம்ஸ் தம்பி சிரித்தான். ஆனால் மைதானத்து வாசலைப் பத்து தடவை எட்டிப் பார்த்துவிட்டான். இரண்டரை மணிக்கே ஜீப்பிலும் பஸ்ஸிலும் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். நானூறு, ஐந்நூறு பேர் இருக்கும். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக மைதானம் நிறைந்துவிட்டது.

இப்போது என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டீ ஃபேக்டரியில் எஞ்சின் ரூம்காரனுக்கு மூக்குத்தான் முதல் கருவி. இலை வாடுகிற வாசனை, டிரையரில் தூள் காய்கிற வாசனை எல்லாம் எங்களுக்கு மூச்சு மாதிரி, கவனிக்கவே மாட்டோம். ஆனால் ஒயர் தீய்கிற வாசனை வந்தால் தூக்கத்தில்கூட எழுந்துவிடுவோம். ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அந்த வாசனை வந்தபோது, எங்கிருந்து வருகிறது என்று நான் தேடிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிடத்தில் டிரையர் மோட்டாரில் நெருப்புப் பிடித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் கையெல்லாம் கொப்பளித்துவிட்டது. அன்றிலிருந்து தீய்ந்த வாசனை வந்தால் நான் தேடுவதில்லை. முதலில் கை மெயின் சுவிட்சை இறக்கிவிடும். அப்புறம்தான் கண் தேடும். யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது.

மேடையில் மூடுபனிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது சரணம் முடிந்து, எல்லாக் கருவியும் சேர்ந்து எழும்புகிற இடம். எனக்கு மூக்கில் தீய்ந்த வாசனை அடித்தது. அடுத்த நொடி என் கை லீவரை இறக்கிவிட்டது.

மைதானமே அடங்கிப்போனது. கிடார் இல்லை, பேஸ் இல்லை, மைக் இல்லை. ட்ரம்ஸுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால் அது மட்டும் தனியாக டும் டும் என்று கேட்டது. அந்தத் தம்பி பயத்தில் நிறுத்தக்கூடத் தோன்றாமல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

நான் ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. மைதானத்துச் சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ குளிருக்குத் தைல மரத்து இலையைக் கூட்டிக் கொளுத்திவிட்டு, அதில் கேரட் மூட்டை கட்டுகிற பிளாஸ்டிக் சாக்கையும் போட்டிருந்தார்கள். அது உருகி நாறிக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்தப் புள்ளைகள் வருடக்கணக்காகக் காத்திருந்த நாள். அவர்களுடைய வாயை நானே அடைத்துவிட்டேன். ஓடி வந்து லீவரில் கை வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் முன்வரிசையில் யாரோ நாலைந்து பெண்கள். அப்புறம் நடுவில். அப்புறம் மைதானத்தின் கடைசியிலிருந்து, பஸ் பக்கத்தில் நின்றிருந்தவர்கள் வரைக்கும். மூடுபனி மூடட்டும், முன்னால நீ நட. ஒருவரும் விடாமல் பாடினார்கள். வரி தெரியாமல் முணுமுணுக்கவில்லை, முழுப் பாட்டையும் தெரிந்து பாடினார்கள். மேடையில் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய பாட்டை ஐந்நூறு பேர் அவளுக்குப் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரம்ஸ் அதற்குத் தகுந்தபடி மெதுவாகி, கூடவே நடந்தது.

நான் லீவரை ஏற்றவில்லை. ஏற்ற மனம் வரவில்லை. பாட்டு முழுக்க முடிந்து கைதட்டல் அடங்கிய பிறகு, ஆம்ப் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மெதுவாக ஏற்றினேன்.

மைக் உயிர் வந்ததும் அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். "கரண்ட் போனதும் நான் செத்தேன்னு நெனச்சேன். ஆனா ஆண்டவர் உங்க குரலை எங்களுக்குக் கேக்க வைக்கணும்னுதான் எங்க சத்தத்தை நிறுத்தினார்." ஜனங்கள் அல்லேலூயா என்று எழுந்து நின்றார்கள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் ட்ரம்ஸ் தம்பி என்னிடம் கேட்டான். "ஏண்ணே, லைன்தானே போச்சு?"

நான் "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்" தான் என் பொய். திட்டம் போட்டுச் சொன்னதல்ல. ஜீப்பில் எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அந்த நேரத்தில் பத்து வார்த்தை பேசுவதற்குக் கூச்சம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அதற்கு அடுத்த நாளாகிவிட்டது.

அதற்குள் யாரோ எடுத்த வீடியோ மலை முழுக்கப் போய்விட்டது. கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்கள், அப்படிக் கூப்பிட்டார்கள். குன்னூர், கோத்தகிரி, பந்தலூர், கூடலூர், மறுபடியும் இத்தலார். போகிற இடமெல்லாம் அந்தப் பெண் ஊட்டியில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வாள். "அன்னிக்குக் கரண்டை நிறுத்தினது யார்?" என்று கேட்பாள். ஜனங்கள் "ஆண்டவர்!" என்பார்கள். நான் போர்டு பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

கூடலூரில் நிகழ்ச்சி முடிந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு அக்கா என்னிடம் வந்தார். அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், ஒரு மாதமாக எழுந்து உட்காரவில்லையாம். "நீங்க அன்னிக்கு அங்கதான் நின்னீங்களாமே. கரண்டு தானா நின்னதைக் கண்ணால கண்டீங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்கும் "ம்" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மனைவி விடாமல் கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனுங்க, சாமிய ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டா நான் வெள்ளிக்கிழமையானா மாரியாத்தா கோயிலுக்கு நடக்கறேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றதும் அவளும் நிறுத்திவிட்டாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொன்னது ஒரு 'ம்'தானுங்க. ஆனா அந்தப் புள்ள ஊரு ஊரா மேடையேறிப் பொய் சொல்லிட்டிருக்குது. பொய்யின்னு அதுக்கே தெரியாது. அது பாவமில்லீங்களா?"

நான் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவே இல்லை. என் கூச்சத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஷெட்டுக்குப் போனால் எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். கோயமுத்தூரில் ஒரு பெரிய நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மலையை விட்டுக் கீழே இறங்கிப் பாடப் போகிற முதல் தடவை. நோட்டீஸ்கூட அடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில், "மின்சாரத்தை நிறுத்தி ஜனங்களைப் பாட வைத்த அற்புதம்! நேரில் கேளுங்கள்!" என்று போட்டிருந்தது.

இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. முட்டை அட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு லைன் போகலீங்க. நான்தான் இறக்கினேன். தீஞ்ச வாசம் அடிச்சுது. கை தானா இறக்கிருச்சு. வெளிய எவனோ சாக்கு கொளுத்தியிருந்தான்."

முதலில் கிடார்ப் பையன்தான் வெடித்தான். "நோட்டீஸே அடிச்சாச்சுண்ணா! இத்தன நாள் கம்முனு இருந்தீங்கல்ல, இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கலாமே?" வாத்தியார் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரம்ஸ் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கேரட் சாக்காண்ணே?" என்று கேட்டுவிட்டு, தங்கை முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பெண் ஆம்ப் மேல் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அஞ்சு ஊர்ல சொல்லிட்டேன், இல்லையாண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நான் பொய் சொல்லணும்னு சொல்லல. ஆனா சொன்னது பொய்." விரலை மடக்கி அந்த ஐந்து ஊரையும் எண்ணினாள். "அஞ்சு ஊருக்கும் திரும்பப் போகணும். கோயமுத்தூர்க்காரங்களுக்கு இப்பவே சொல்லணும்."

கிடார்ப் பையன் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. எங்கள் எல்லோர் முன்னாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதை அப்படியே விட்ருங்கம்மா. சின்ன விஷயம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர்.

"எங்க கரண்ட் அண்ணாவுக்குத் தெரியும்ங்க" என்றாள்.

கோயமுத்தூர் நிகழ்ச்சி இல்லை என்று இரண்டு நாளில் தகவல் வந்துவிட்டது. கிடார்ப் பையன் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் மலையிறங்க இருந்த வழியை நான் அடைத்துவிட்டேன். முன்பு அவர்கள் பாட்டைக் கையால் அடைத்தேன், இப்போது வழியை வாயால்.

ஆனாலும் அவள் சொன்னதைச் செய்தாள். ஒவ்வொரு ஊராகத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனார்கள். முதலில் கூடலூர். அந்த ஆஸ்பத்திரி அக்காவைப் பற்றி நான் சொல்லியிருந்ததால், அங்கேதான் முதலில் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஜீப்பில் போகும்போதே என்னிடம், "அண்ணா, நான் சொன்னா அது என் சாட்சி. சுவிட்சை இறக்கினது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்றாள். கூடலூர் வரைக்கும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ட்ரம்ஸ் தம்பி எழுந்து வந்து, தோளில் கை போட்டு, மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனான். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எத்தனையோ வருடம் நான் தூக்கி, மாட்டி, துடைத்து வைத்த மைக். அதில் ஒரு தடவைகூட நான் பேசியதில்லை. பழக்கதோஷத்தில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஹாலில் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் உதவியது.

"ஊட்டியில கரண்டு போகலீங்க. நான்தானுங்க மெயினை இறக்கினேன். தீஞ்ச வாசம்னு பயந்து இறக்கிட்டேன். நெருப்பு இல்ல, கேரட் சாக்கு. இவங்க யாருக்கும் தெரியாது. கேட்டப்போ நான் சொல்லல. இவங்க பொய் சொல்லலீங்க. தப்பு என்னுது."

அவ்வளவுதான். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். ஸ்பீக்கரில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

நடுவிலிருந்து யாரோ "கேரட் சாக்கா!" என்றார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, கூடச் சிரிக்கிற சிரிப்பு. அந்தப் பெண் என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "இனிமே நாங்க அதை அற்புதம்னு சொல்ல மாட்டோம். ஆனா நீங்க பாடினது நெஜம். அதை மட்டும் சொல்லுவோம்" என்றாள். அடுத்த பாட்டு மூடுபனிப் பாட்டு. அன்றைக்குக் கரண்ட் நன்றாக இருந்தது. ஆனாலும் ஜனங்கள் பாடிய சத்தத்தில் ஸ்பீக்கர் சத்தம் கேட்கவில்லை.

முடிந்ததும் அந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். போன தடவை இவரிடம் சொன்ன 'ம்' தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் பின்னால் மெலிந்துபோன ஒரு மனிதர், மப்ளர் சுற்றிக்கொண்டு, மெதுவாக நடந்து வந்தார்.

"எங்காளு எழுந்துட்டாரு அண்ணா. இங்க வரைக்கும் நடந்தே வந்திருக்காரு" என்றார் அந்த அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணில் சிரிப்போடு, "இதையும் நீங்கதான் செஞ்சேன்னு சொல்லிராதீங்க, ஆமா" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "இல்லக்கா, இது நானில்ல" என்றேன். அவர் கணவர் ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மற்ற நாலு ஊருக்கும் போனோம். நாலு இடத்திலும் நான் பேசினேன். இத்தலாரில் சுவரைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்தே பேசினேன் என்று ட்ரம்ஸ் தம்பி சொன்னான். கூடலூரில் நான் பேசியதையும் யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். "கேரட் சாக்கு அண்ணன்" என்று எங்கள் ஃபேக்டரியில் கொழுந்து போட வருகிற பெண்கள்கூடக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கோயமுத்தூரிலிருந்து அந்த நிகழ்ச்சி நடத்துகிறவரே திரும்பப் போன் பண்ணினார். வாங்க, அந்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாங்க என்றார். ஒரே ஒரு விருப்பம் சொன்னார். அந்தப் பாட்டு நடக்கும்போது நான் மெயினை இறக்கிக் காட்ட வேண்டுமாம், ஜனங்கள் ரசிப்பார்களாம்.

அந்தப் பெண் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வேண்டாங்க. தெரியாம நடந்ததைத் தெரிஞ்சே நடத்தினா அது நாடகம். கரண்ட் இருந்தா கரண்ட்டோட பாடுவோம்."

இந்தத் தடவை அவர் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. போனோம். மலையடிவாரத்து வெயிலில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. எங்கள் மலை மூடுபனியில் வேலைக்கு நடந்து பழகாத அந்த ஊர்க்காரர்கள், ஆயிரம் பேருக்கு மேல், அந்தப் பாட்டை எங்களோடு பாடினார்கள். கிடார்ப் பையன் மேடையிலிருந்து திரும்பி, போர்டு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

இன்றைக்கு அந்த நாலு பேரையும் நீலகிரியில் தெரியாத எஸ்டேட் இல்லை. போகிற இடத்தில் எல்லாம் ஜனங்கள் அவர்கள் பாட்டைப் பற்றிச் சொல்வார்கள், சத்தத்தைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு மட்டும் நினைவுக்கு வருவது ஸ்பீக்கரில் போட்ட அந்தப் போன்தான். யாருக்குத் தெரியப் போகுது என்று கேட்டவருக்கு, ஓர் எஞ்சின் ரூம்காரனுக்குத் தெரியும் என்பதே போதும் என்று பதில் சொன்ன பெண் அவள். இப்போதெல்லாம் நான் மைக்கை நகத்தால் தட்டுவதில்லை. "ஹலோ" என்று சொல்கிறேன். ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருகிற அந்தக் குரல் என்னுடையதுதான் என்று கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்ள, அந்தப் புள்ளைகள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.